ஸ்ரீபெரும்புதூரின் ஒரே பெண் எம்.பி... யார் இந்த மரகதம் சந்திரசேகர்?

சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் பை, காதில் இயர்போனுடன் ஏறுபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். உலகம் முழுக்க விற்கும் செல்போன்கள் இவர்கள் கைபட்டுத்தான் வெளியே போகின்றன.

இவ்வளவு பெண்கள் உழைக்கும் இந்தப் பகுதியிலிருந்து இதுவரை எத்தனை பெண்கள் மக்களவைக்குப் போயிருக்கிறார்கள்? ஒரே ஒருவர். 1967 முதல் 2024 வரை ஸ்ரீபெரும்புதூர் தொகுதி 15 மக்களவைத் தேர்தல்களைப் பார்த்திருக்கிறது. அதில் 1984, 1989, 1991 என மூன்று முறை ஜெயித்தவர் மரகதம் சந்திரசேகர். அவருக்கு முன்னும் பின்னும் ஆண்கள்தான்.

பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டும். ஆம், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது இவருக்கு ஓட்டு கேட்கத்தான். அந்த இரவைப் பற்றிப் புத்தகங்கள், சினிமாக்கள், வெப் சீரிஸ் எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் வேட்பாளர் பெயர் ஒரு வரியில் கடந்துவிடும். ஆனால், அன்றைக்கு 73 வயதான அவருக்குப் பின்னால் ஏறக்குறைய நாற்பது வருட அரசியல் இருந்தது.

1917 நவம்பரில் பிறந்தவர் மரகதம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் திருவள்ளூர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார். அப்போது சில தொகுதிகளுக்கு இரண்டு எம்.பி.க்கள் உண்டு. ஒன்று பொது இடம், இன்னொன்று பட்டியல் சாதியினருக்கானது. திருவள்ளூரும் அப்படிப்பட்ட இரட்டைத் தொகுதிதான். தலித் பெண் ஒருவர் டெல்லிக்குப் போவது அன்றைக்குச் சாதாரண விஷயமா என்ன?

போன வேகத்திலேயே நேரு அமைச்சரவையில் சுகாதாரத் துறை துணை அமைச்சர் ஆனார். துறையின் அமைச்சர், நாட்டின் முதல் பெண் மத்திய அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌர். டெல்லி எய்ம்ஸுக்கான சட்டம் 1956-ல் இந்த அமைச்சகத்திலிருந்துதான் வந்தது. அமைச்சரும் பெண், துணை அமைச்சரும் பெண். இன்றைக்கும் அபூர்வமான காட்சி இது.

1962-ல் மாயவரம் தனித்தொகுதியில் வென்று மறுபடி மக்களவைக்குப் போனார். அடுத்த ஐந்தாண்டுகளில் உள்துறையிலும், பின்னர் சமூக நலத்துறையிலும் துணை அமைச்சர். கேபினட் அமைச்சர், ராஜாங்க அமைச்சர், அதற்குக் கீழேதான் துணை அமைச்சர். மூன்று துறைகளைப் பார்த்தும் அந்தக் காலத்தில் அவர் அந்தப் படியைத் தாண்டவில்லை. திறமை போதவில்லை என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை.

1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியே போய்விட்டது. மரகதம் 1970 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர். இந்திரா காந்தி கொல்லப்பட்ட சில வாரங்களில் நடந்த தேர்தல், அ.தி.மு.க. கூட்டணி என இரண்டும் சேர, வென்றார். 1989-லும் தொகுதி அவர் கையைவிட்டுப் போகவில்லை.

அப்போதைய ஸ்ரீபெரும்புதூர் வேறு ஊர். ராமானுஜர் பிறந்த தலம், சுற்றிலும் ஏரிப் பாசன வயல்கள், நடுவே பெங்களூரு நெடுஞ்சாலை. சிப்காட் வளாகங்கள், கன்டெய்னர் லாரிகள் எதுவும் கிடையாது.

1991-ல் மூன்றாவது முறை களம். மே 21 இரவு 10 மணி தாண்டி ராஜீவ் மைதானத்துக்கு வந்தார். குண்டு வெடித்தது. அவரோடு கட்சித் தொண்டர்கள், போலீஸார் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போன தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. மரகதமும் ஜெயித்தார். தனக்காக ஓட்டு கேட்க வந்தவரை இழந்த தொகுதியில் கிடைத்த வெற்றியைக் கொண்டாடவா முடியும்?

1996 தேர்தலில் தொகுதி தி.மு.க. வசம் போனது. அதே வருடம்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா, அதைத் தொடர்ந்து ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு... 2001-ல் மறைந்த மரகதம் பார்த்தது இதன் தொடக்கத்தை மட்டும்தான்.

ராஜீவ் உயிரிழந்த இடத்தில் 2003-ல் நினைவிடம் திறக்கப்பட்டது. தொகுதியின் முகமும் மாறியது. 2008 மறுவரையறையில் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி பொதுத் தொகுதியானது. ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், அம்பத்தூர், மதுரவாயல் என சென்னைப் புறநகர்கள் அதற்குள் வந்தன.

பெண் தொழிலாளர்களின் பிரச்னைகள் மட்டும் ஃபேக்டரிகளோடு சேர்ந்தே வளர்ந்தன. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டதாகச் சொல்லிப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான், இவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஊரே கேட்டது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது.

மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அடுத்த தொகுதி மறுவரையறைக்குப் பிறகே அமலுக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் கடைசியாக ஜெயித்தபோது, இன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறும் இந்தப் பெண்களில் பலர் பிறந்திருக்கவே இல்லை.