விருப்பாச்சி வாழைக்கு முடிக்கொத்து நோய்: கன்று எடுக்கும்போதே கவனம் தேவை

பழனி மலைத்தொடர் என்றதும் கொடைக்கானலும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் நினைவுக்கு வரும். தாண்டிக்குடியில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகள், இந்த மலையில் மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு சொத்து உங்கள் தோட்டத்திலேயே நிற்கிறது. அதுதான் விருப்பாச்சி மலை வாழை.

பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது இந்தப் பழம். சதையில் நீர்ப்பிடிப்பு குறைவு, இனிப்பும் மணமும் அதிகம். அதனால்தான் நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காயோடு ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்தாலும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

ஆனால், புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும், மரத்தைக் காக்காது. 1970-களுக்குப் பிறகு கீழ்ப்பழனி மலையில் மலை வாழைப் பரப்பு வெகுவாகச் சுருங்கியதற்கு முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய்.

நோய் எப்படிப் பரவுகிறது?

இது வைரஸ் நோய். வந்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது. இரண்டு வழிகளில் பரவுகிறது. நோயுற்ற தாய்மரத்தின் கன்றை எடுத்து நடுவது ஒன்று. வாழை அசுவினி என்னும் கருநிறப் பூச்சி சாற்றை உறிஞ்சி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோவது மற்றொன்று. தோட்டம் விட்டுத் தோட்டம், ஊர் விட்டு ஊர் நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் நாம் சுமந்து செல்லும் கன்றுதான். பார்வைக்குக் கன்று செழிப்பாக இருந்தாலும், தாய்மரத்தில் நோய் இருந்தால் கன்றிலும் இருக்கும்.

அறிகுறிகள்

* இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்பகுதியிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தெரியும்.
* புது இலைகள் குட்டையாகவும் குறுகலாகவும் நிமிர்ந்து நிற்கும். ஓரம் மஞ்சளாகும். மடக்கினால் சட்டென ஒடியும்.
* இலைகள் உச்சியில் கொத்தாகச் சேர்ந்துவிடும். மரம் பெரும்பாலும் குலை தள்ளாது.
* குருத்திலும் மட்டை இடுக்கிலும் அசுவினி இருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே பிரித்துப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. நோய் மரத்தை உடனே வெட்டாதீர்கள். வெட்டினால் அசுவினி பக்கத்து மரங்களுக்குப் போய்விடும். முதலில் தோட்டக்கலை அலுவலர் பரிந்துரைக்கும் பூச்சிமருந்தைக் குருத்திலும் அடிமரத்திலும் படும்படி தெளித்து, அசுவினியைக் கொல்லுங்கள்.

2. பிறகு மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். அந்தக் குத்தில் உள்ள எல்லாக் கன்றுகளையும் அகற்றுங்கள். "ஒரு கன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவைத்தால், அதிலிருந்து மறுபடி தொடங்கும்.

3. மலை வாழையை மறுதாம்பாகப் பல ஆண்டுகள் விடுவது வழக்கம் என்பதால், நோய் ஒரு குத்திலேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறையாவது காப்பி, மிளகுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு குத்தையும் நின்று பாருங்கள்.

4. நோய் உள்ள தோட்டத்திலிருந்து கன்று வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். உறவினர் தோட்டமாக இருந்தாலும் இதே விதிதான்.

5. திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், வைரஸ் சோதனை செய்த சான்று கேளுங்கள். சோதிக்காத தாய்மரத்திலிருந்து எடுத்தால் திசு வளர்ப்புக் கன்றிலும் நோய் வரும். தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை பெறலாம்.

ஊர் கூடினால்தான் முடியும்

தோட்டங்களுக்கு வரும்போது நான் அடிக்கடி கேட்பது, "சுத்தமான கன்றுதான் சார் வச்சேன், மறுபடியும் வந்துடுச்சே" என்பதுதான். கன்று சுத்தமாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் கவனிக்காமல் விட்ட தோட்டத்திலிருந்து அசுவினி வந்திருக்கும். ஒருவர் மட்டும் அகற்றிப் பயனில்லை. ஒரு சரிவில் உள்ள எல்லாத் தோட்டக்காரர்களும் ஒரே வாரத்தில் நோய் மரங்களை அகற்றிவிட்டு, பிறகு சேர்ந்து புதுக்கன்று நடுங்கள். ஆளில்லாத தோட்டமாக இருந்தால் உரிமையாளரிடம் பேசி அனுமதி வாங்கி, நீங்களே அகற்றிவிடுங்கள். அந்த ஒரு நாள் கூலி, உங்கள் மரங்களைக் காப்பாற்றும் செலவு.

கல்திட்டையைத் தொல்லியல் துறை காக்கலாம், சோலைக்காட்டை வனத்துறை காக்கலாம். விருப்பாச்சியைக் காக்க வேண்டியது நீங்கள்தான். அடுத்த முறை கன்று தோண்ட மண்வெட்டியை எடுக்கும் முன், தாய்மரத்தின் இலைக்காம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.