சோலார் வீட்டில் பத்துப் பாத்திரம்: கையா, இயந்திரமா?

பாத்திரம் கழுவும் இயந்திரம் கையால் கழுவுவதைவிடத் தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் என்று விற்பனையாளர்கள் சொல்வதற்கு ஆதாரமாக அமைந்தவற்றுள் முதன்மையானது, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் தலைமையிலான குழு இருபதாண்டுகளுக்கு முன் நடத்திய ஆய்வாகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்த 113 பேரிடம் பன்னிரண்டு பேர் உண்ட பாத்திரங்களைக் கொடுத்துக் கழுவச் சொன்னபோது, அவர்கள் சராசரியாக 103 லிட்டர் தண்ணீரையும் 2.5 யூனிட் ஆற்றலையும் செலவிட்டனர். அதே பாத்திரங்களை அன்றைய இயந்திரங்கள் 15 முதல் 22 லிட்டர் தண்ணீரிலும் 1 முதல் 2 யூனிட் மின்சாரத்திலும் கழுவி முடித்தன. ஆய்வு நேர்மையானதே. ஆனால் ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடுத்த ஆலங்குளத்தில் ஒரு வீட்டார் கூரையில் சோலார் தகடு பதித்துவிட்டு, இனி இந்த இயந்திரத்தையும் வாங்கலாமா என்று யோசிக்கும்போது, அந்த 2.5 யூனிட் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

அது வெந்நீரிலிருந்து வந்தது. ஐரோப்பியர் குளிர்காலக் குழாய்நீரில் கை வைக்க முடியாததால் வெந்நீரில் கழுவுகின்றனர். பத்து லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்துவதற்கே ஏறத்தாழ 0.35 யூனிட் தேவைப்படுகிறது. ஆலங்குளத்தில் பத்துப் பாத்திரம் தேய்ப்பதற்காக எவரும் வெந்நீர் வைப்பதில்லை. தேங்காய் நாரும் சபீனாவும் தொட்டித் தண்ணீருமே போதுமானவை. எனவே இங்கே கையால் கழுவுவதற்கான மின்செலவு, அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் செலவு மட்டுமே. முந்நூறு அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரைத் தூக்குவதற்கு, மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் முக்கால் யூனிட் அளவே ஆகும் என்பதால், குழாயைத் திறந்துவிட்டு நூறு லிட்டரைத் தாராளமாகச் செலவழித்தாலும் அதன் பங்கு யூனிட்டில் பத்தில் ஒன்றைத் தாண்டாது.

இயந்திரமோ ஒரு முறை ஓடினால், சிக்கனமான இயக்கத்தில்கூட ஒரு யூனிட்டை ஒட்டிச் செலவிடுகிறது. அடிப்பிடித்த குக்கருக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் உரிய கடுமையான இயக்கத்தில் அது இன்னும் கூடும். உள்ளே சுழன்று நீரைப் பீய்ச்சும் கைகளுக்கு ஆகும் மின்சாரம் சொற்பம்; நீரையும், அதனோடு எவர்சில்வர் பாத்திரங்களையும், இயந்திரத்தின் உட்சுவரையும் சூடேற்றுவதே பெருஞ்செலவு. அதாவது, ஐரோப்பாவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இயந்திரம் தென்மாவட்டத்தில் அதே மின்சாரத்தைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டிவிடுகிறது. அதற்கு ஈடாக அது தருவது தண்ணீர்ச் சேமிப்பு. கையால் நூறு லிட்டர் போகும் இடத்தில் அது பத்துப் பன்னிரண்டு லிட்டரில் வேலையை முடிக்கிறது. கோடையில் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊர்களில் இந்தச் சேமிப்பைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

ஆலங்குளத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அரசு சிமெண்ட் ஆலை அங்கே 1970-இல் அமைந்ததற்குக் காரணமே அந்நிலத்தின் சுண்ணாம்புக்கல்தான். சுண்ணாம்புப் பாறையூடே ஊறிவரும் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்து அது கடினநீராகிறது. அத்தகைய நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் காரையே இயந்திரத்தின் சூடேற்றியிலும் படிந்து, வெப்பம் நீருக்குப் போவதைத் தடுக்கும். இதைத் தவிர்க்கவே இயந்திரத்துக்குள் நீரை மென்மையாக்கும் பகுதி வைக்கப்பட்டு, அதற்கென்று தனி உப்பும் போட வேண்டியிருக்கிறது. நீர் எவ்வளவு கடினமானது என்பதைச் சோதித்து அதற்கேற்ப இயந்திரத்தில் அளவை அமைக்காதவர்கள், கண்ணாடிக் குவளையில் வெண்திரை படிவதைச் சில வாரங்களிலேயே காண்பார்கள்.

சோலார் தகடு இந்தக் கணக்கில் எதை மாற்றுகிறது என்பதே அடுத்த கேள்வி. ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே மழை குறைந்து வெயில் மிகுந்த இப்பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மாத மேகமூட்டத்தில் அது குறையும். இயந்திரம் அன்றாடம் ஓடினால் அந்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். தகட்டிலிருந்து வருவதால் அந்த யூனிட் இலவசம் என்று எண்ணுவது தவறு; அது வீட்டில் செலவாகாவிட்டால் மின்வாரியத்தின் கம்பிக்குப் போய், வாரியத்திடம் வாங்கியதிலிருந்து வாரியத்துக்குக் கொடுத்ததைக் கழிக்கும் நிகர அளவீட்டு மீட்டரில் வரவாகியிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டை விலையின்றியும், அதற்கு மேற்பட்டதைப் படிப்படியாக ஏறும் விலையிலும் தருவதால், உயர்ந்த படியில் நிற்கும் பெரிய குடும்பத்துக்கு இரண்டு மாதங்களில் சேரும் அறுபது யூனிட் பொருட்படுத்தத் தக்கதாகும்.

நிகர மீட்டர் உள்ள வீட்டில் இயந்திரத்தைப் பகலில் ஓட்டினாலும் இரவில் ஓட்டினாலும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு வருவதில்லை. ஆனால் ஊருக்கும் காற்றுக்கும் அந்த வேறுபாடு உண்டு. மாலை ஆறு மணிக்குப் பிறகு தகடுகள் ஓய்ந்து, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் டிவியும் ஒன்றாக ஓடும் நேரத்தில் தேவையை ஈடுசெய்பவை தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்கள். சாப்பாடு முடிந்ததும் பொத்தானை அழுத்தும் சோலார் வீட்டார் உண்மையில் நிலக்கரியில் பாத்திரம் கழுவுகின்றனர். இரவுப் பாத்திரத்தை அடுக்கி வைத்து, காலைப் பாத்திரத்தையும் சேர்த்து நிரப்பி, இயந்திரத்தில் உள்ள டைமரை நண்பகல் பன்னிரண்டுக்கு வைத்தால் அந்த ஒரு யூனிட்டில் பெரும்பகுதியை வெயிலே தந்துவிடும். சித்திரை மாதத்து நண்பகலில் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வருவதால் சூடேற்றும் வேலையும் கொஞ்சம் குறைகிறது. மின்வெட்டின்போது, பேட்டரி இல்லாத சோலார் அமைப்பு, கம்பியில் வேலை செய்யும் பணியாளரின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு கையின் பக்கமே நிற்கிறது. ஆனால் கை யாருடையது என்பதும் ஒரு கணக்கு. இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். குனிந்து உட்கார்ந்து தேய்த்து இடுப்பும் மூட்டும் தேய்ந்த பெண்ணுக்கு ஓர் இயந்திரம் ஒரு மணி நேர ஓய்வு தருமானால், அந்த ஒரு யூனிட்டை வீண் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. வாங்க இயலாதோர்க்கும் வேண்டாதோர்க்கும் வழி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், குழாயை ஓடவிட்டுக் கழுவுவது இயந்திரத்தைவிடக் கேடானதாகவும், சோப்பு நீருக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என இரண்டு தொட்டி வைத்துக் கழுவுவது இயந்திரத்தைவிடவும் குறைந்த மாசு உண்டாக்குவதாகவும் தெரிந்தது. ஆகவே இயந்திரம் உள்ள வீட்டார் அதை நிரப்பி நண்பகலில் ஓட்டட்டும்; இல்லாத வீட்டார் குழாயை மூடிவிட்டு இரண்டு வாளியில் கழுவட்டும், அந்த வாளிகளில் ஒன்றை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.