மேல்சீலையும் விடுதலைப் பத்திரமும்

குமரி மாவட்டத்துச் சிதறால் மலை அடிவாரத்து டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய வாக்குவாதம். இடஒதுக்கீட்டில் ஆரம்பித்து, பெண்பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு என்பதில் வந்து நின்றது. "எனக்க சம்பாத்தியம் எனக்க உழைப்பு. இன்ன சாதியில பொறந்ததுக்கோ, ஆம்பளையாப் பொறந்ததுக்கோ ஒருத்தரும் எனக்கு ஒண்ணும் தந்ததில்ல" என்றார் ஒரு பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர் அவர். நான் பதில் சொல்லாமல் எழுந்து மலையேறினேன். அந்தப் பேச்சும் கூடவே ஏறி வந்தது.

மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்புப் படம் குடை விரித்த பார்சுவநாதர். பக்கத்தில் சிங்கமும் இரண்டு பிள்ளைகளுமாக அம்பிகை. சமணர் மலையாக இருந்து பிறகு பகவதி கோயிலான இடம். ஆய் அரசன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார், இந்த மலைப் பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் படித்திருக்கிறாள். அவள் கையால் பொன் கொடுத்திருக்கிறாள். அதை இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று சொல்லாமல் அவள் பெயரிலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். "ஆதியிலேருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அவரை இந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஏனென்றால், அதற்கு 900 ஆண்டுகள் கழித்து இந்த மலை இருக்கும் இதே தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பொன் நகை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தோளை மூடி மேல்சீலை போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் கூடாது. இந்தக் குடம் பற்றிய தடையை முதலில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. குடம் எங்கே இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? பிறகு என் அம்மை கிணற்றிலிருந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். இடுப்பில் குடம் இருந்தால் ஒரு கை அதை அணைத்துக்கொள்ளும், மறு கை வீசி நடக்கலாம். தலையில் குடம் என்றால் கை மேலே போய்விடும். மேலே துணியும் இல்லாதவள் தலையில் குடத்தோடு, கையை உயர்த்தியபடி, மேல்சாதி ஆண்கள் நிற்கும் வழியில் நடந்து வர வேண்டும். யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள் அந்தத் தடையை.

லண்டன் மிஷன் சபையில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை தைத்துப் போட்டார்கள். தோள்சீலையும் போட்டார்கள். சந்தையிலும் வழியிலும் அவை கிழிக்கப்பட்டன. 1822இல் கல்குளம் பகுதியில் கலவரம். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, தோளில் போடும் சீலையை மறுத்தது. 1859 தொடக்கத்தில் மறுபடியும் வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, அந்த ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய ஆணை போட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் மூடக் கூடாது.

இந்த ஒரு வாசகத்தில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மானத்தை மறைக்க அனுமதித்தாயிற்று. ஆனால் இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் யார் மேல், யார் கீழ் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். மேல்சாதிப் பெண் தோளில் கிடந்த சீலை அவள் உழைத்து வாங்கிய மதிப்பு அல்ல. பக்கத்துத் தோளில் அது இல்லாததால் வந்த மதிப்பு. அதுவும் அவளுக்கு முழுதாகச் சொந்தமில்லை. தன்னைவிட மேலானவர் முன்னால் அவளும் அதை இறக்கியாக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். சாதியில் அவளுக்கு ஆதாயம், பெண்ணாகப் பிறந்ததில் நட்டம். இரண்டும் ஒரே துணியில்.

அந்த இரண்டு ஆணைகளுக்கும் நடுவில், சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் ஆண்களிடம் சொன்னது எளிய காரியம்: தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வா. மேல்சாதியார் முன்னால் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிப் பழகியவர்களிடம் சொன்னார். இன்றும் சாமித்தோப்பில் அவருடைய கோயிலான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. உன் முகத்தையே நீ பார்க்க வேண்டும்.

அந்த மேல்சீலை ஆணைகளையும் சொல்லும் பாடம் 9ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. 2019இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஆணை போட்டு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வு என்று தெரியாத பிள்ளைக்கு, அது மழை வெயில் போலத் தானாக வந்ததாகத்தானே தோன்றும்?

டீக்கடைப் பேச்சுக்குப் பதில் போல, அமெரிக்கப் பேராசிரியை பெக்கி மெக்கின்டோஷ் 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்களுக்குக் குறை உண்டு என்று ஒத்துக்கொள்ளும் ஆண்கள், தங்களுக்கு ஆதாயம் உண்டு என்று மட்டும் ஒத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனித்தவர், அதே கேள்வியைத் தன்மேல் திருப்பினார். வெள்ளைக்காரியாகப் பிறந்ததால் நாள்தோறும் கேட்காமலே கிடைப்பவை என்று 46 எழுதினார். ஆணாகப் பிறந்ததற்கு நான் எழுத உட்கார்ந்தால் முதல் வரியாக வருவது ஒரு பத்திரப் பதிவு அலுவலகம்.

அப்பா இறந்த பிறகு தங்கை தன் பங்கை விட்டு எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். 2009. அதற்குள் சட்டமெல்லாம் மாறியிருந்தது. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் நடப்பில் இல்லையென்றது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் இந்து மகள்களைப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக்கியது. ஆனாலும் எங்கள் ஊரில் தங்கைமார் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "நகை போட்டுத்தானே அனுப்பினோம்" என்று மாமா சொன்னார். அவள் விரலில் மையைத் தடவி அழுத்தினார்கள். துடைக்கத் துணி இல்லை. தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "பசிக்குதா அண்ணா?" என்று என்னைக் கேட்டாள். 38 சென்ட் என் பெயருக்கு வந்தது. அதை ஈடு வைத்துத்தான் கடை போட்டேன். உழைத்தேன், அது உண்மை. அந்த உழைப்பு எந்த மண்ணின் மேல் நின்றது என்பதும் உண்மை.

மலையிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். பாதியைத் திரும்ப எழுதி வைக்கப் போகிறேன் என்றேன்.

"இப்ப என்னத்துக்கு அண்ணா அதெல்லாம்" என்றாள். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, கால்வலி பற்றிப் பேசினாள். போனை வைக்கப் போகும்போது கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்:

"கெணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"