ஆப்பிரிக்க சஃபாரிக்கு எத்தனை நாள் வேண்டும்? மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு கணக்கு

'சஃபாரி' என்றதும் சிங்கமும் ஜீப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல. நம் வீடுகளில் பயணத்தைச் 'சஃபர்' என்கிறோமே, அந்த அரபுச் சொல்தான் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' ஆனது. சுவாஹிலியில் அதன் பொருள் 'பயணம்' என்பதுதான்.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து கென்யா போகத் திட்டமிட்டு வருகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், 68 வயது நன்னிமா. பேச்சைத் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை நாள்? பதில் தேடியபோது நாங்கள் தெரிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

இதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கடன் இருக்கிறதா, ஸகாத் நிலுவை இருக்கிறதா, ஹஜ் கடமையாகியும் நிறைவேற்றாமல் இருக்கிறோமா என்பதுதான் அது. இவற்றில் எதற்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் சிங்கம் காத்திருக்கட்டும். அல்லாஹ்வின் படைப்புகளைக் கண்டு சிந்திப்பது நல்ல நோக்கம்தான். கடமைகளுக்குப் பிறகு வர வேண்டிய நோக்கம் அது.

விளம்பர நாளும் காட்டு நாளும்

'6 இரவு, 7 பகல், 4 பூங்காக்கள்' என்று விளம்பரம் வரும். அம்போசெலி, நகுரு, நைவாஷா, மசாய் மாரா என்று பட்டியல் நீளும். படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு நாளில் எத்தனை மணி நேரம் சாலையில் கழியும் என்பது விளம்பரத்தில் இருக்காது.

நைரோபியிலிருந்து மசாய் மாரா சுமார் 270 கிலோமீட்டர். நரோக் ஊர் வழியாகக் காரில் ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். அம்போசெலி தெற்கே தான்சானியா எல்லையில் இருக்கிறது, நகுரு நைரோபிக்கு வடமேற்கே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். நான்கு பூங்காக்களுக்கும் ஒவ்வோர் இரவு என்றால், தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே பிள்ளைகளும் முதியோரும் களைத்துப் போவார்கள்.

ஆகவே நாட்களை எண்ணாமல் 'ரவுண்டு'களை எண்ண வேண்டும் என்று முடிவு செய்தோம். விலங்குகள் நடமாடுவது பெரும்பாலும் அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். நடுப்பகலில் சிங்கம் புதருக்குள் தூங்கும். எனவே காட்டில் தங்கும் ஒரு முழு நாளுக்குக் காலையில் ஒரு ரவுண்டு, மாலையில் ஒரு ரவுண்டு என இரண்டுதான். ஒரு திட்டத்தில் இப்படி எத்தனை ரவுண்டுகள் கிடைக்கின்றன என்று கேளுங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் அது சாலைப் பயணமே தவிர, சஃபாரி இல்லை.

நான்கு என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். மசாய் மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அங்கே கூண்டு கிடையாது, காட்சி நேரமும் கிடையாது. யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் முதல் நாளிலேயே கண்ணில் படலாம். சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் பொறுமை இருப்பவர்களுக்குத்தான். ஒரு ரவுண்டில் ஒன்றும் தென்படாவிட்டாலும் அடுத்த ரவுண்டு இருக்கிறது என்ற இடைவெளி வேண்டும்.

பள்ளி விடுமுறை என்ன சொல்கிறது?

நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். ஆனால் கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மண் சாலைகள் சேறாகும், புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும். அங்கேயே வாழும் சிங்கம், யானை எல்லாம் அப்போதும் இருக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் மழையில் ஒரு ரவுண்டு ரத்தாகலாம் என்பதால் மே மாதத்தில் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உலகமே பேசும் பெரும் இடப்பெயர்ச்சி வேறு காலத்தில் நடக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள், லட்சக்கணக்கான வரிக்குதிரைகளோடு, தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் மேய்ச்சல் தேடி நகர்கின்றன. அவை மாராவில் இருப்பது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. தமிழகப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை இதற்குள் விழுகிறது. 2024, 2025 இரு ஆண்டுகளிலும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கி மறு ஞாயிறு வரை 9 நாட்கள் கிடைத்தன. நாங்கள் இந்த ஒன்பது நாளைத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஒன்பது நாளின் கணக்கு

சென்னையிலிருந்து நைரோபிக்கு மும்பையிலோ வளைகுடா நகரம் ஒன்றிலோ விமானம் மாறிப் போகிறார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்தால் மிச்சம் ஏழு. அதை நாங்கள் இப்படிப் பிரித்தோம்.

சனி: சென்னையிலிருந்து புறப்பாடு.
ஞாயிறு: நைரோபியில் ஓய்வு. நேர வித்தியாசம் இரண்டரை மணிதான் என்றாலும் பயணக் களைப்பு இருக்கும்.
திங்கள்: இரண்டு மணி நேரப் பயணத்தில் நைவாஷா ஏரி. படகில் போய் நீர்யானை பார்க்கலாம். நன்னிமாவுக்காக நீண்ட பயணத்தை இங்கே இரண்டாக உடைத்தோம்.
செவ்வாய்: மதியத்துக்குப் பின் மாரா சேர்தல், ஓய்வு.
புதன், வியாழன்: காலையும் மாலையுமாக நான்கு ரவுண்டுகள்.
வெள்ளி: அதிகாலையில் கிளம்பி நைரோபி.
சனி: தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம், இரவு விமானம்.
ஞாயிறு: சென்னை.

ஒன்பது நாளில் காட்டுக்கு முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. இதனால்தான் இன்னொரு பூங்காவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பள்ளியில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால் அதையும் மாராவிலேயே சேர்ப்போம். செரங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அதையும் இங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் பதினொரு நாளாவது ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் தான்சானியாவை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

செவ்வாய் மாலை ஏன் காட்டுக்குள் போகவில்லை என்று கேட்கலாம். காரணம் கட்டணம். 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அதாவது தலைக்கு 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். மாலை நான்கு மணிக்கு நுழைந்து இரண்டு மணி நேரம் சுற்றினாலும் முழு நாள் பணம். சிறுவர்களுக்குக் கட்டணம் குறைவு. விடுதி வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் இந்தக் கணக்கு மாறும். முன்பதிவுக்கு முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சாலை வேண்டாம் என்பவர்களுக்கு நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் மாரா போகும் சிறு விமானங்கள் உண்டு. செலவு கூடும், நேரம் மிச்சமாகும். ஆளுக்கு 15 கிலோ வரைதான் சுமை. அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும்.

ஊசிக்கும் நாள் வேண்டும்

பயண நாட்கள் விமானம் ஏறும் அன்று தொடங்குவதில்லை. கென்யா சென்று இந்தியா திரும்புபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். ஊசி போட்டு பத்து நாள் கழித்தே அந்தச் சான்று செல்லுபடியாகும். சான்று இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், துறைமுகத்தின் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை என்பதால் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும்.

ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. 60 வயதைக் கடந்தவர்களும், கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் நன்னிமாவை டாக்டரிடம் காட்டுவது என்று நாங்கள் முடிவு செய்திருப்பது இதனால்தான். டாக்டர் வேண்டாம் என்றால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. மஞ்சள் காய்ச்சல் இல்லாத தென் ஆப்பிரிக்காவுக்கு, வளைகுடா வழியாகப் போவோம். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பிலானஸ்பெர்க் பூங்கா இருக்கிறது. அங்கே மலேரியாவும் இல்லை. அந்நாட்டில் ஹலால் உணவும் தாராளமாகக் கிடைக்கிறது.

கென்யா போகிறவர்கள் மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேட்க வேண்டும். சில மாத்திரைகளைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் மின்னணு பயண அனுமதி முறை உள்ளது. அதற்கும் சில நாட்களை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

தொழுகையும் உணவும்

மாரா பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறரைக்குச் சூரிய உதயம், ஆறரை தாண்டி அஸ்தமனம். ஃபஜ்ரை அறையிலேயே தொழுதுவிட்டுக் காலை ரவுண்டுக்குக் கிளம்பலாம். மதியம் விடுதிக்குத் திரும்பினால் லுஹர். மாலையில் திரும்பும்போது மஃரிப். சிக்கல் அஸரில்தான். ஷாஃபிஈ மத்ஹபினர் நேரம் வந்ததும் தொழுதுவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஹனஃபிகளுக்கு நேரம் தொடங்குவதே நாலரைக்கு மேல். காட்டுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இறங்க அனுமதியுள்ள இடங்களை டிரைவர் அறிவார். தனி வண்டி எடுத்தால் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போல் ஏழு பேர் இருந்தால் ஒரு லேண்ட் குரூஸரே போதும்.

தங்கும் நாட்களின் எண்ணிக்கைக்கும் கஸ்ர் தொழுகைக்கும் தொடர்பு உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஓர் ஊரில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்க நிய்யத் வைத்தால் முழுத் தொழுகை. ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே முழுத் தொழுகை. மேலே சொன்ன திட்டத்தில் எந்த இடத்திலும் இரண்டு முழு நாளுக்கு மேல் இல்லை என்பதால் இரு தரப்பாரும் கஸ்ர் செய்வார்கள். சஃபாரி முடித்துக் கடற்கரையில் ஐந்தாறு நாள் தங்க நினைப்பவர்கள் இதைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. ஆனாலும் வெள்ளியன்று நேரத்தோடு வந்துவிட்டால், நைரோபி நகரின் நடுவிலுள்ள ஜாமிஆ மஸ்ஜிதில் தொழும் வாய்ப்புக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நைரோபியில் ஹலால் உணவகங்கள் உண்டு. காட்டு விடுதியில் இறைச்சி ஹலாலா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உறுதி கிடைக்காவிட்டால் மீன், முட்டை, காய்கறி என்று சொல்லிவிடலாம். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் நாடு என்பதால் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

எங்கள் முடிவு

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வீட்டிலிருந்து வீடு வரை ஒன்பது நாள், ஒரே நாடு, ஒரே பெரிய காடு, அங்கே குறைந்தது மூன்று இரவு. வேலையாக நைரோபி போகிறவருக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நகரை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா இருக்கிறது. அரை நாள் போதும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனையும் செய்து பாருங்கள். முதுமலை தெப்பக்காட்டில் வனத்துறை வாகனத்தில் பிள்ளைகளை ஒரு முறை அழைத்துப் போங்கள். சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா, மலைப்பாதையில் பெரியவர்களின் முதுகு தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு காலாண்டுத் தேர்வுக்கு முன்பே இருக்கிறது.