பௌத்த தியானமும் நம் செபமும்



"சாமி, என் மகன் பத்து நாள் பௌத்த தியானத்துக்குப் போய் வந்திருக்கிறான். இனி கோயிலுக்கு வருவானா?" என்று கவலையோடு கேட்கும் பெற்றோர் இன்று பல பங்குகளில் உண்டு. திருத்தணி மலைப் படிகளை நாள்தோறும் பார்க்கும் நமக்குப் பிற சமயத்தவரின் பக்தி புதிதல்ல. ஆனால் ஒரு கத்தோலிக்கர் பௌத்த முறையில் தியானம் செய்யலாமா என்பது தெளிவு பெற வேண்டிய கேள்வி.

இதற்கு நம் தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானலுக்கு அருகில் பெருமாள்மலையில் 'போதி ஜென்டோ' என்னும் ஜென் தியான இல்லம் 1996-இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் சேசு சபைக் குருவான அருள்பணி. அமா சாமி. 1936-இல் பர்மாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இவர், ஜப்பானில் யமடா கோவுன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் அனுமதி பெற்றார். குருத்துவத்தை விட்டுவிட்டு அல்ல, குருவாக இருந்துகொண்டே இதைச் செய்தார்.

ஜென் தியான இல்லத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? விடியற்காலையில் மணி ஒலிக்கிறது. முதுகை நிமிர்த்தி, கண்களைப் பாதி மூடி, மூச்சைக் கவனித்து ஏறத்தாழ அரைமணி நேரம் அமர்கிறார்கள். பின் சிறிது நேரம் மெதுவாக நடக்கிறார்கள், மீண்டும் அமர்கிறார்கள். இடையே காய் நறுக்குதல், கூட்டிப் பெருக்குதல், தோட்ட வேலை எல்லாம் உண்டு. இவ்வேலைகளும் தியானமாகவே கருதப்படுகின்றன. தேவையற்ற பேச்சு இல்லை.

மனம் அலைபாயும், அதைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நம் அம்மையார்குப்பம் நெசவாளருக்கு இது எளிதில் புரியும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, மறுபடி நெய்கிறோம். எத்தனை முறை அறுந்தாலும் அப்படித்தான். செபமாலையில் பராக்கு வரும்போதும் இப்படியே திரும்பி வரலாம்.

திருச்சபை என்ன சொல்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, பௌத்தத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று கற்பித்தது. 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடலில், ஜென் போன்ற முறைகளில் பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்றது. கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தது. உடலும் மனமும் அடையும் அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

இங்கேதான் வேறுபாடு உள்ளது. பௌத்தம் படைத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. நம் செபமோ தந்தையோடு பிள்ளை பேசும் உறவு. அமைதி நமக்கு முடிவல்ல, வாசற்படி. எலியா கடுங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அல்ல, மெல்லிய ஒலியிலேயே ஆண்டவரைக் கேட்டார் (1 அர 19). அங்கே அமைதி மட்டும் இல்லை. அந்த அமைதியில் அவரிடம் பேசிய ஒருவர் இருந்தார்.

எனவே பெற்றோரே, பிள்ளைகளைத் திட்டி விரட்டாதீர்கள். "அங்கே என்ன கற்றுக்கொண்டாய்?" என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் தேடிப்போன அமைதி நம் ஆலயத்தில் கிடைக்கிறதா என்றும் சிந்திப்போம். நற்கருணை வாங்கிய பின் சிறிது நேரம் அமைதி காக்கத் திருப்பலி ஒழுங்குமுறை கேட்கிறது. அந்த நேரத்தையும் பாட்டாலும் அறிவிப்பாலும் நாம் நிரப்பிவிடுகிறோம் அல்லவா?

இளைஞரே, தியானத்தின் உண்மையான சோதனை இருக்கையில் அல்ல, வீட்டில்தான் நடக்கிறது. பத்து நாள் அமைதிக்குப் பின் அம்மாவிடம் உங்கள் பேச்சு கனிந்திருக்கிறதா? ஏழையின் முகம் உங்கள் கண்ணில் படுகிறதா? அன்பு இல்லையேல் எல்லாம் வீண் என்று பவுலடியார் கற்பிக்கிறார் (1 கொரி 13).

இந்த வாரம் ஒரு நாள், திவ்விய நற்கருணைப் பேழைக்கு முன் குடும்பமாகப் பத்து நிமிடம் அமர்வோம். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவோம். எதையும் கேட்காமல், அவர் சொல்வதைக் கேட்போம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!