எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய பாடம்

தனுஷ்கோடிக்கு வரும் கல்லூரிப் பேருந்துகள் அரிச்சல்முனையில் அரைமணி நேரம் நிற்கும். வழியில் இடிந்த சர்ச், நாலு படம், ஒரு சங்கு மாலை, அவ்வளவுதான். ஆனால், குற்றவியல் படிக்கிற பிள்ளைகள் வந்தால் அந்த அரைமணி போதாது. சட்டம் ஒரு மனிதரை எந்த இடத்தில் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' ஆக்குகிறது என்பதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கரை தமிழ்நாட்டில் இல்லை.

முனையிலிருந்து தலைமன்னார் பக்கமாக மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மரமில்லை, நிழலில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் பால்மாவும் ஏழைக்கு எட்டாத விலைக்குப் போனபோது, படகுக்காரர்கள் இருட்டில் ஆட்களை இந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். விடிந்து பார்த்தால் சுற்றிலும் கடல். முதலில் வந்தவர்களில் நாலு மாதக் கைக்குழந்தையும் ஒன்று. ஹோவர்கிராஃப்ட் போய்த்தான் அவர்களைக் கரைசேர்த்தது. தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். அடுத்த வேலை, பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாக வழக்கு. மண்டபம் அகதிகள் முகாம் அதற்கும் பிறகுதான்.

அதே ஆண்டு ஜூன் கடைசியில் ஒரு முதிய தம்பதி இந்தக் கரையில் மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரை என்னவென்று எழுதுவது? 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் உரிய ஆவணமில்லாத வெளிநாட்டவர்.

இதே கடலை ஒருகாலத்தில் ஜனங்கள் டிக்கெட் எடுத்துக் கடந்தார்கள். 1914 முதல் போட் மெயில் ரயிலில் வந்து, தனுஷ்கோடி துறையில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் தண்டவாளத்தையும் கொண்டுபோனது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போர் மூண்டதும் நின்றது. மண்டபம் முகாமே முன்பு தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றிய இடம். போகும்போது தேவைப்பட்ட கைகள் திரும்பி வரும்போது வழக்காகின்றன. ஒரே செயல் எந்தத் தேதியிலிருந்து, யாருடைய முடிவால் குற்றமாகிறது? குற்றவியலின் முதல் கேள்வியே இதுதானே!

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்புக்குத் தனித் துறைகள் உண்டு. படித்து முடித்தவர்கள் சப்-இன்ஸ்பெக்டராக, சிறை அலுவலராக, நன்னடத்தை அலுவலராக, குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளராகப் போகிறார்கள். மனித உரிமையும் அவர்களுக்குப் பாடம்தான். 1948 பிரகடனம், 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1996-இல் டி.கே. பாசு வழக்கில் கைது பற்றி உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிமுறைகள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்பதுவரை எழுதுவார்கள். ஆனால், கைதான தகவலை உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்ற நெறியை மணல் திட்டில் வைத்துப் பாருங்கள். உறவினர் இருப்பது மன்னாரில். யார், எந்த நம்பருக்குச் சொல்வது? இதைக் கேட்கிற வினாத்தாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் கவலையெல்லாம் வழக்கின் முதல் தாளைப் பற்றித்தான். எஃப்.ஐ.ஆரில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தத் தாள் வழியாகவே பார்க்கிறார்கள். இருபது வயதில் அப்படிப் பார்க்கப் பழகிய கண் ஐம்பது வயதிலும் மாறாது.

ராமநாதபுரம் சீமைக்கு இதன் வலி நன்றாகவே தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கைரேகைச் சட்டம் என்றே இங்கே சொல்வார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தச் சீமையின் ஆப்பநாட்டு ஊர்களில் ஆண்பிள்ளைகள், திருடினார்களோ இல்லையோ, பிறந்த சாதிக்காகவே ரேகை வைத்தார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடே நடந்தது. 1947 வரை சென்னை மாகாணத்தில் சட்டம் உயிரோடிருந்தது. பிறப்பிலேயே குற்றவாளி என்ற எண்ணத்துக்கு அன்றைய படிப்பாளிகளும் துணைநின்றார்கள். அந்தப் பாவத்தில் குற்றவியலுக்கும் பங்குண்டு. அதைச் சொல்லாமல் உரிமைப் பாடம் நடத்துவது சரியில்லை.

படகில் வருபவர்களைப் பற்றிக் கேட்டால், எல்லை எல்லைதான், தங்கமும் கஞ்சாவும் கடத்துபவர்களும் இதே வழியில்தான் போய்வருகிறார்கள் என்பார்கள் பாதுகாப்புத் தரப்பில். அதுவும் உண்மைதான்.

கடத்தல் என்றதும் கடல் அட்டை நினைவுக்கு வருகிறது. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். எதிர்க்கரையில் உரிமம் வாங்கிப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இங்கே கோணிச் சாக்கோடு அகப்படுபவர் பெரும்பாலும் கூலிக்குச் சுமந்தவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களுக்கும் தேசியப் பூங்கா வந்தபின் வழக்கில் மாட்டும் பயம். கடலைக் காப்பதும் வேண்டும், அந்தப் பெண்களின் பிழைப்பும் வேண்டும். இந்தச் சிக்கலை மாணவர்களிடம் விடைகூடச் சொல்லாமல் கொடுத்துவிடலாம்.

கரையேறியவர்களுக்கே திரும்பினால், 2025-இல் குடிவரவு, வெளிநாட்டினர் தொடர்பான புதுச் சட்டம் அமலானது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கிடைத்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால், 2022-இல் கரையேறியவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரே முகாமில், பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு இல்லை.

குற்றவியல் துறைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. களப்பயணத்தில் சிறைச்சாலை, தடயவியல் ஆய்வகம் என்று காட்டுவதோடு ஒரு நாளை ராமேஸ்வரம் கோர்ட்டுக்கு ஒதுக்கலாம். ரிமாண்டுக்கு ஆட்களைக் கொண்டுவரும்போது பிள்ளைகள் பின்வரிசையில் உட்காரட்டும். கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து யாருடையது, வக்கீல் இருக்கிறாரா, உடம்பில் காயம் உண்டா என்று யாராவது கேட்டார்களா, ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வந்து எழுதட்டும். இன்டர்னல் மார்க்கை அதற்குப் போடலாம்.