வீட்டுவரியும் வழித்தூரமும்

ஜெயமங்கலத்தில் பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. தேனியில் வேலை கிடைத்திருக்கிறது. இந்நிலையில் ஊரிலேயே குடியிருந்து நாள்தோறும் போய்வருவதா, அன்றி நகரத்திலே வாடகைக்கோ சொந்தமாகவோ ஒரு வீடு பார்த்துக்கொள்வதா என்னும் கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்றது. இது குறித்து நம்மிடம் யோசனை கேட்க வருவோருள் பலர் முதன்முதலாகக் கேட்பது, "ஐயா, டவுனில் வரி மிக அதிகமாமே?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆயினும், குடும்பக் கணக்கில் கடைசியாக எழுத வேண்டிய இனத்தை அவர்கள் முதலில் எழுதிவிடுகின்றனர் என்பதே நமது கருத்து.

முதலில் வரி எவ்வாறு விதிக்கப்படுகின்றது என்பதைப் பார்ப்போம். ஜெயமங்கலம் பெரியகுளம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. இங்கே வீட்டுவரி 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் விதிக்கப்படுவது. வீட்டின் பரப்பையும், மேலே இருப்பது கூரையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் கொண்டு தொகை நிர்ணயமாகிறது. வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அத்தெருவில் வாடகை என்ன என்பன இங்கே பெரிதாகக் கவனிக்கப்படுவதில்லை. நகராட்சியிலோ தெருவின் மண்டலம், கட்டடத்தின் பரப்பு, அதன் வயது, குடியிருப்பா கடையா என்பன யாவும் கணக்கில் வருகின்றன. தேனி அல்லிநகரம், பெரியகுளம் ஆகிய இரு நகராட்சிகளுக்கும் இது பொருந்தும்.

நகர வரி அண்மைக் காலத்தில் உயர்ந்துள்ளது என்பதும் உண்மையே. 2022 ஏப்ரலில் நகராட்சிகளில் உள்ள குடியிருப்பு வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் வரி கூட்டப்பட்டது. அதன் பின் ஆண்டுதோறும் சிறிது உயர்த்துவதற்கும் வழி செய்யப்பட்டு, 2024இல் 6 விழுக்காடு உயர்ந்தது. ஆகவே, "டவுனில் வரி அதிகம்" என்று கூறுவோர் பொய் கூறவில்லை.

எனினும் எவ்வளவு அதிகம்? எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நாமே வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் ரசீதில் உள்ள தொகையை அவ்விடத்தில் எழுதிக்கொள்ளலாம். ஊராட்சியில் ஆண்டுக்கு 400 ரூபாயும், நகராட்சியில் அதே அளவுள்ள வீட்டுக்கு 2,000 ரூபாயும் வரி எனக் கொள்வோம். வேறுபாடு 1,600 ரூபாய். இனி வழிச்செலவு. பெரியகுளம் வழியாகத் தேனி செல்ல ஒருவழிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 50. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு நாள்தோறும் ஒரு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றே கொள்வோம். வரியில் மிஞ்சிய 1,600 ரூபாய் பதினாறு வேலை நாட்களில் புகையாகிப் போய்விடும். மீதி ஆண்டு முழுவதும் கைப்பணமே செலவாகும். டயர், எண்ணெய், பழுது பார்த்தல் ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை.

அப்படியானால் நகரத்துக்கே குடிபோய்விட வேண்டியதுதானா? அதுவும் அன்று. நகரத்தில் சொந்த வீடு இல்லாதவர் வாடகை தரவேண்டும். மாதம் 2,500 ரூபாய் பெட்ரோலுக்குப் போகின்றது என்பதற்காக 6,000 ரூபாய் வாடகைக்குச் செல்வது பண அளவில் நட்டமே. ஆக, உண்மையான போட்டி வழிச்செலவுக்கும் வாடகைக்கும் இடையே நடப்பது. 1964இல் வில்லியம் அலான்சோ என்னும் அமெரிக்க அறிஞர் நகர நிலவிலையைப் பற்றி எழுதிய நூலில் இதையே விளக்கினார்: நகர மையத்திலிருந்து விலக விலகப் போக்குவரத்துச் செலவு ஏறும், அதற்கு ஈடாக நிலத்தின் விலை இறங்கும். வரி இவ்விரண்டின் நடுவே ஒரு சிறு சுண்டைக்காய்.

அந்நாட்டில் நிலைமை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பள்ளிக்கூடங்களின் செலவில் பெரும்பங்கை அவ்வூர் மக்கள் செலுத்தும் சொத்துவரியே தாங்குகின்றது. அதனால் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி வரி ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை எட்டுகின்றது. அத்தகைய இடத்தில் வரிக்கு அஞ்சி அடுத்த மாநிலத்தில் குடியேறி, நெடுந்தூரம் பயணம் செய்வதில் பொருள் உண்டு. நம் மாநிலத்தில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகின்றது. மருத்துவமனையையும் அரசே நடத்துகின்றது. வீட்டுவரி தெருவிளக்குக்கும், குடிநீர் மோட்டாரின் மின் கட்டணத்துக்கும், சாக்கடைக்கும், குப்பை அள்ளுவதற்குமே செல்கின்றது.

தொழில்வரியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. கிராமத்தில் குடியிருந்தால் அது இல்லை என்று சிலர் கருதுகின்றனர். சம்பளக்காரருக்கு அது வேலை செய்யும் அலுவலகம் அமைந்துள்ள உள்ளாட்சிக்கே பிடித்தம் செய்யப்படுகின்றது. எங்கே உறங்கினாலும் அது மாறாது. அரசியலமைப்பின்படி அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, தேனி நகரை ஒட்டிய ஊஞ்சாம்பட்டி போன்ற ஊராட்சிகளில் மனை வாங்குவோர் பலர். ஊராட்சி வரியும் ஆயிற்று, ஐந்து நிமிடத்தில் நகரமும் ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் மனையை விற்பவரும் இக்கணக்கை அறிந்தவரே. ஆண்டுதோறும் மிச்சமாகும் வரியை அவர் மனையின் விலையிலேயே சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுகின்றார். அன்றியும், நகரை ஒட்டிய ஊராட்சி என்றேனும் நகராட்சியோடு இணைக்கப்படலாம். அப்பொழுது வரி உயரும். ஊரக வேலைத் திட்டமும் நீங்கும். இணைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊராட்சி மக்கள் எதிர்ப்பதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள். வரி அரசாணையால் மாறக்கூடியது. தூரம் அவ்வாறு மாறாது. வீடு கட்டுவோர் முப்பது ஆண்டுகளை மனத்தில் வைத்துக் கட்டுகின்றனர் என்பதால் இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துகிறோம்.

போக்குவரத்து வசதி மாறக்கூடியது என்பதற்கு நம் மாவட்டமே சான்று. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் இரயில் 2010 முடிவில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதை அமைத்து, தேனி வரை மீண்டும் இரயில் ஓடியது 2022 மே மாதத்தில். போடி வரை 2023 ஜூனில். இடையே பதினோர் ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. இரயிலை நம்பி ஆண்டிபட்டியிலோ உசிலம்பட்டியிலோ வீடு கட்டியவர் அந்த ஆண்டுகளைப் பேருந்திலே கழிக்க நேர்ந்தது. ஜெயமங்கலத்துக்கு இரயில் வழி இல்லை, பெரியகுளத்துக்கும் இல்லை. பேருந்தே கதி.

பேருந்தைப் பொறுத்தவரை 2021 மே மாதத்தில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மேலே நாம் போட்ட வழிச்செலவுக் கணக்கு அடியோடு மாறிவிட்டது. பணம் மிச்சம், நேரம் மட்டும் மிச்சமாகவில்லை. நிறுத்தத்தில் காத்திருப்பதையும் பெரியகுளத்தில் வண்டி மாறுவதையும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எனக் கொண்டால், மாதம் இருபத்தைந்து நாளுக்கு எழுபத்தைந்து மணி நேரம். விடியற்காலை நான்கரைக்கு அடுப்பு மூட்டி, இரவு எட்டுக்குத் திரும்பி மீண்டும் அடுப்படிக்குச் செல்பவருக்கு அந்த எழுபத்தைந்து மணி நேரத்தின் விலை என்ன? ஆண்கள் வரியையும் பெட்ரோலையும் பேசிக்கொண்டிருக்கும்போது, "பிள்ளை படிக்கிறானா என்று யார் பார்ப்பது?" என்று கேட்பவர்கள் பெண்களே. கணக்கில் அதுவே பெரிய தொகை என்று நாம் கருதுகிறோம்.

வேலை எங்கே என்பதும் முக்கியம். மாவட்டத்தின் அலுவலகங்கள் யாவும் தேனி நகருக்குள் அடங்கியவை அல்ல. மாவட்ட நீதிமன்றம் இலட்சுமிபுரத்தில் உள்ளது. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தோட்டக்கலைக் கல்லூரியும் பெரியகுளத்தில் உள்ளன. பெரியகுளத்தில் பணிபுரிபவர் ஜெயமங்கலத்தை விட்டுச் செல்ல வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை. மேல்மங்கலம், வடுகபட்டி வழியே மிதிவண்டியில் பள்ளிக்குப் போய்வந்த தலைமுறை ஒன்று இன்னும் ஊரில் இருக்கின்றது. கண்டமனூர் விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு முறை வேலை பார்க்கும் செவிலியருக்கோ ஊர்வாசம் கடினம். தென்னையும் நெல்லும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றிருக்கும் குடும்பத்துக்கு வராக நதிக்கரையை விட்டுப் போவதால் வரும் நட்டத்தை எந்த ரசீதும் காட்டாது.

ஊரில் இருப்பது என்று முடிவு செய்தோரிடம் ஊராட்சியின் சார்பில் ஒரு சொல். நகரத்தில் சம்பாதித்து ஊரில் வாழ்பவர், மாலை இருட்டில் திரும்பி வருபவர். தெருவிளக்கு எரிய வேண்டும் என்பதில் எவரினும் அக்கறை உள்ளவர் அவரே. ஆனால் அதிகாலையில் புறப்பட்டு இரவில் வருவதால், வரி வசூலுக்குச் செல்லும் ஊராட்சிச் செயலர் பகலில் பூட்டிய கதவைத்தான் காண்கின்றார். நிலுவை இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பாட்டனார் பெயரிலிருந்து பேரன் பெயருக்கு வரி ரசீதை மாற்ற வரும்போது ஒரே தொகையாக வந்து நிற்கும். பேருந்தும் இத்தகையதே. வசதி வந்தவுடன் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டால் ஆளில்லாத வண்டியைக் கழகம் எத்தனை நாள் ஓட்டும்? கடைசி வண்டி நின்றபின், வண்டியோட்டத் தெரியாத முதியவரும் கல்லூரிப் பெண்களுமே முதலில் இன்னலுறுவர்.

முடிவு செய்யுமுன் ஒரு வாரம் பேருந்திலேயே போய்வந்து பார்ப்பது நலம். அதில் மழை பெய்யும் நாள் ஒன்று இருந்தால் மேலும் நலம். தாத்தா பெயரில் உள்ள வரி ரசீதை மாற்றிக்கொள்ள விரும்புவோர் பழைய ரசீது, பத்திரம் அல்லது வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். வரியை இணையவழியிலும் செலுத்த இயலும். ஆதலால் பகலில் ஊரில் இல்லை என்பது இனி ஒரு காரணம் ஆகாது.